ஐ210-டி1 நெட்வொர்க் அட்டை: பாக்கெட்டுக்கு நேரம் குறிக்கத் தேறுமா?

இன்டெல் ஐ210 சிப் 2012இல் வந்தது. ஒற்றை போர்ட், 1 ஜிகாபிட், பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒற்றை லேன். வேகத்துக்காக இதை இன்று யாரும் வாங்க வேண்டியதில்லை; புது மதர்போர்டுகளிலேயே 2.5 ஜிகாபிட் போர்ட் வந்துவிடுகிறது. ஐ210-டி1 அட்டையைத் தேடி வாங்க ஒரே காரணம்தான் மிச்சம். பாக்கெட் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் சிப்புக்குள்ளேயே நேரமுத்திரை குத்துகிறது, அந்த முத்திரையை லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சிதைக்காமல் நிரல் வரை கொண்டு வந்து தருகிறது. இந்த விமர்சனம் அந்த வேலையை மட்டும் எடை போடுகிறது.

காரைக்குடிப் பக்கம் இது யாருக்கு வேண்டும்? முதலில் பொறியியல் கல்லூரிகளின் மின்சார ஆய்வகங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்னலையில் 1 மைக்ரோநொடிப் பிழை 0.018 பாகைக் கோணப் பிழையாகும். மின்னலையின் கோணத்தை அளக்கும் கட்ட அளவீட்டுக் கருவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட 1 சதவீதப் பிழை முழுவதையும் நேரமே தின்றுவிட்டால்கூட, கிடைக்கும் இடம் ஏறத்தாழ 31.8 மைக்ரோநொடிதான். அடுத்து, வாடிக்கையாளர் லைனில் போகும் தாமதம் எவ்வளவு, வரும் தாமதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க விரும்பும் உள்ளூர் இன்டர்நெட் நிறுவனங்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக்கி, நெட்வொர்க் வழியாக ஸ்பீக்கர்களுக்கு ஒலி அனுப்புகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு சாம்பிளின் நீளம் 20.8 மைக்ரோநொடி. இந்த மூன்றும் இல்லையென்றால் இந்த அட்டைக்குச் செலவு செய்யாதீர்கள்.

முத்திரை எங்கே விழுகிறது

அட்டையின் மதிப்பு புரிய, அட்டை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். சாதாரண ரியல்டெக் போர்ட்டில் பாக்கெட் வந்ததும் டிஎம்ஏ (சிபியு தலையிடாத நேரடிப் பாதை) வழியாக நினைவகத்துக்குப் போகும். பிறகு இன்டரப்ட், அதாவது சிபியுவைக் கூப்பிடும் சமிக்ஞை. பிறகு நேப்பி என்ற, பாக்கெட் அள்ளும் கெர்னல் சுற்று ஓடி, அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் பாக்கெட்டை எடுத்து எஸ்கேபி என்ற உறைக்குள் போட்டு மேலே அனுப்பும். அந்த வாசலில்தான் கெர்னல் தன் கடிகாரத்தைப் பார்த்து, எஸ்கேபியின் டிஸ்டாம்ப் புலத்தில் நேரத்தை எழுதுகிறது. செட்டிநாட்டு வீட்டில் விருந்தாளி முகப்பில் செருப்பைக் கழற்றிய நேரத்தை, அவர் உள்முற்றமான வளவைத் தாண்டி இரண்டாங்கட்டில் பந்தியில் உட்கார்ந்த பிறகு எழுதி வைப்பது போலத்தான் இது. நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பது அந்தந்த நாளின் கூட்டத்தைப் பொறுத்தது.

கூட்டம் என்பது இங்கே மூன்று விஷயம். இன்டரப்டைச் சேர்த்துவைத்து அனுப்பும் வழக்கம் ஒன்று. ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போன சிபியு விழித்தெழ எடுக்கும் நேரம் ஒன்று. மூன்றாவது நேப்பியே: ஒரு சுற்றில் 64 பாக்கெட் வரை மொத்தமாக அள்ளும். கம்பியில் 10 மைக்ரோநொடி இடைவெளியில் வந்த இரண்டு பாக்கெட், ஒரே அள்ளலில் அகப்பட்டால் 1 மைக்ரோநொடி இடைவெளியில் வந்ததுபோலப் பதிவாகும். இந்தப் பிழை சராசரி எடுத்தாலும் போகாது, ஏனென்றால் அது எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. முத்திரை தாமதமாக விழலாமே ஒழிய முன்கூட்டியே விழாது.

மென்பொருள் முத்திரையில் இன்னொரு பொறி உண்டு, பலருக்குத் தெரியாது. யாரும் கேட்காதவரை கெர்னல் நேரம் குறிப்பதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கடிகாரம் பார்ப்பது வீண் செலவு என்பதால், அந்த வேலையை ஒரு சுவிட்ச் போட்டு மூடி வைத்திருக்கிறது. ஏதோ ஒரு சாக்கெட் (நிரலின் நெட்வொர்க் வாசல்) கேட்ட பிறகுதான் சுவிட்ச் திறக்கும், அதுவும் உடனே திறக்காது. அதற்குள் உள்ளே வந்துவிட்ட பாக்கெட்டில் முத்திரை இருக்காது. பழைய எஸ்ஓ_டைம்ஸ்டாம்ப் முறையில் கேட்ட நிரலுக்கு, அது பாக்கெட்டை வாசிக்கும் அந்தக் கணத்தின் நேரத்தைக் கெர்னல் போட்டுக் கொடுத்துவிடும். பார்க்க ஒழுங்கான எண்ணாகவே தெரியும். நிரல் தொடங்கியதும் கிடைக்கும் முதல் சில அளவீடுகளைத் தள்ளிவிடுவதே பத்திரம்.

பாக்கெட்டுகளைப் பல சிபியுவுக்குப் பங்கிடும் ஆர்பிஎஸ் வசதியைப் போட்டிருப்பவர்கள் நெட்.கோர்.நெட்டெவ்_டிஸ்டாம்ப்_பிரீகியூ என்ற அமைப்பைத் தொடாமல் 1 என்றே விட வேண்டும். 0 ஆக்கினால் முத்திரை பங்கீட்டுக்குப் பிறகு விழும். சுமை பரவும், ஆனால் வரிசையில் காத்திருந்த நேரமும் கணக்கில் ஏறிவிடும்.

ஐ210 இந்தத் தொல்லை எல்லாவற்றையும் ஒரே அடியில் தாண்டுகிறது. அதன் உள்கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் 8 நானோநொடிக்கு ஒரு துடிப்பு. வரும் பாக்கெட்டின் முன்னால் 16 பைட் தலைப்பாக நேரத்தை ஒட்டி நினைவகத்தில் போடும். ஐ210க்கான ஐஜிபி டிரைவர் அதைக் கிழித்தெடுத்து எஸ்கேபியின் வன்பொருள் முத்திரைக்கான இடத்தில் வைக்கும். முத்திரை விழும் இடத்துக்கும் கம்பிக்கும் இடையே பிஹெச்ஒய் என்ற கம்பி இணைப்புப் பகுதியில் ஆகும் தாமதத்தையும் டிரைவரே சரிக்கட்டுகிறது. 1 ஜிகாபிட்டில் அனுப்பும் பக்கம் 178 நானோநொடி கூட்டும், வாங்கும் பக்கம் 448 நானோநொடி கழிக்கும். 100 மெகாபிட்டில் இவை 1024, 2213. வேகத்துக்கேற்ப எண் தானாக மாறும் என்பது நல்ல விஷயம். ஆனால் கிரிம்பிங் சரியில்லாத கேபிளால் லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் அதைக் கவனியுங்கள்: முத்திரை சரியாக இருக்கும், எதிர்முனைக் கருவி அதே நேர்மையோடு சரிக்கட்டுகிறதா என்பது வேறு கேள்வி.

வாங்கும் பக்கம்: நல்ல மதிப்பெண்

எத்டூல் கட்டளையைப் பெரிய எழுத்து டி விருப்பத்தோடு ஓட்டினால், அட்டை எதையெல்லாம் தாங்கும் என்று பட்டியல் வரும். ஐ210இல் பிடிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை நுட்பமாக ஒத்திசைக்கும் நெறிமுறை) வன்பொருள் கடிகாரத்துக்கு ஒரு எண் இருக்கும். வாங்கும் வடிகட்டிகளில் 'ஆல்' இருக்கும். ரியல்டெக்கில் கடிகாரம் 'நன்' என்று வரும். கடையில் ஒரு அட்டையைச் சோதிக்க இந்த ஒரு கட்டளை போதும்.

அந்த 'ஆல்' சாதாரண விஷயமில்லை. பல அட்டைகள் பிடிபி பாக்கெட்டுகளுக்கு மட்டுமே, அதாவது யுடிபி 319ஆம் போர்ட் அல்லது 0x88எஃப்7 வகை ஈதர்நெட் சட்டகங்களுக்கு மட்டுமே முத்திரை குத்தும். அவற்றில் குரோனி என்ற நேர ஒத்திசைவு நிரல் மூலம், இணையத்தில் வழக்கமான நேர நெறிமுறையான என்டிபிக்கு வன்பொருள் முத்திரை வாங்க முடியாது. ஐ210இல் எந்த வடிகட்டியைக் கேட்டாலும் டிரைவர் எல்லாப் பாக்கெட்டுக்கும் என்று உயர்த்திவிடுகிறது. ஆகவே பிடிபியை ஓட்டும் நிரலான பிடிபி4எல் ஒரு பக்கம், குரோனி ஒரு பக்கம், நடுவில் பாக்கெட்டைப் பிடித்துப் பதியும் டிசிபிடம்ப் என்று மூன்றும் ஒரே போர்ட்டில் ஓடினாலும் வாங்கும் வழியில் ஒன்றை ஒன்று கெடுக்காது. குரோனி அமைப்புக் கோப்பில் 'எச்டபிள்யுடைம்ஸ்டாம்ப்' வரியை ஒரு நட்சத்திரக் குறியோடு சேர்த்து, பிறகு குரோனிசி என்டிபிடேட்டா கட்டளையில் இரு திசையிலும் 'ஹார்டுவேர்' என்று வருகிறதா பாருங்கள். 'கெர்னல்' என்றோ 'டீமன்' என்றோ வந்தால் அட்டை வேலையில் இல்லை.

டிசிபிடம்பில் பிடிக்க, சிறிய ஜே விருப்பத்தில் அடாப்டர்_அன்சிங்க்ட் என்று கொடுத்து, நேரத் துல்லியத்தை நானோ ஆக்க வேண்டும். நானோ கேட்காவிட்டால் கோப்பில் மைக்ரோநொடி வரைதான் எழுதும். அட்டை கொடுத்ததில் கடைசி மூன்று இலக்கம் குப்பைக்குப் போகும்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் கொடிகள்தான். எஸ்ஓ_டைம்ஸ்டாம்பிங் 2009இல் 2.6.30 கெர்னலோடு வந்தது. அதன் கொடிகள் இரண்டு வகை: முத்திரையை உருவாக்கச் சொல்பவை, உருவானதை நிரலுக்குக் கொடுக்கச் சொல்பவை. ஆர்எக்ஸ்_ஹார்டுவேர் போட்டுவிட்டு ரா_ஹார்டுவேரை மறந்தால் சிப் ஒழுங்காகக் குத்தும், நிரலுக்கு ஒன்றும் வராது. இவற்றுக்கு முன்பே எஸ்ஐஓசிஎஸ்எச்டபிள்யுடிஸ்டாம்ப் என்ற ஐஓசிடிஎல் அழைப்பால் அட்டையைத் தயார் செய்ய வேண்டும். அதற்கு கேப்_நெட்_அட்மின் உரிமை வேண்டும். அழைப்பு திரும்பியதும் வடிகட்டிப் புலத்தை மறுபடி படியுங்கள், டிரைவர் அதை மாற்றியிருக்கலாம். பாக்கெட்டோடு மூன்று நேரங்கள் கொண்ட வரிசை வரும். முதலாவது மென்பொருள் நேரம், இரண்டாவது இப்போது பயனற்ற சுழியம், மூன்றாவதுதான் வன்பொருள் நேரம். இரண்டாவதைப் படித்துவிட்டு அட்டை கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

அனுப்பும் பக்கம்: இங்கேதான் சறுக்கல்

போகிற பாக்கெட்டின் முத்திரை, பாக்கெட் போன பிறகுதான் தெரியும். அதனால் கெர்னல் அதைச் சாக்கெட்டின் பிழை வரிசையில் வைக்கிறது. எம்எஸ்ஜி_எர்ர்கியூ கொடியோடு வாசித்து எடுக்க வேண்டும். அந்த வரிசையைக் காலி செய்யாமல் போல் அழைப்பில் காத்திருந்தால், போல்எர்ர் நிகழ்வு நீங்கள் கேட்காமலேயே திரும்பத் திரும்ப வந்து சிபியு 100 சதவீதத்தில் நிற்கும். எந்த முத்திரை எந்தப் பாக்கெட்டுக்கு என்று பொருத்த ஆப்ட்_ஐடி. முழுப் பாக்கெட்டும் திரும்பி வந்து இடத்தை அடைக்காமலிருக்க ஆப்ட்_டிஎஸ்ஓன்லி. இந்த இரண்டும் இல்லாமல் நிரல் எழுத வேண்டாம். யுடிபியில் ஐடி பாக்கெட் எண்ணிக்கை. டிசிபியில் அது பைட் எண்ணிக்கை. இது தெரியாமல் டிசிபி தாமதம் அளந்தால் கணக்கு கண்டபடி ஓடும்.

இது கெர்னலின் இயல்பு, எந்த அட்டைக்கும் பொது. ஐ210இன் சொந்தக் குறை வேறு: போகிற பாக்கெட்டின் நேரத்தை வைத்துக்கொள்ள டிரைவர் பயன்படுத்துவது ஒரே ஒரு பதிவகம். ஒரு பாக்கெட்டின் முத்திரை படிக்கப்படும்வரை அடுத்த பாக்கெட்டுக்கு இடமில்லை. அந்த நேரத்தில் முத்திரை கேட்டு வரும் பாக்கெட்டை டிரைவர் தடுக்காமல் முத்திரையில்லாமலேயே அனுப்பிவிடும். எத்டூல் புள்ளிவிவரத்தில் டிஎக்ஸ்_எச்டபிள்யுடிஸ்டாம்ப்_ஸ்கிப்ட் எண் ஒன்று கூடும், அவ்வளவுதான் அறிகுறி. முத்திரை ஏதோ காரணத்தால் வரவே இல்லை என்றால் அந்த இடம் 15 நொடி வரை பூட்டியே கிடக்கும். அதற்கு டிஎக்ஸ்_எச்டபிள்யுடிஸ்டாம்ப்_டைம்அவுட்ஸ் என்று தனி எண்.

விளைவு என்ன? வாங்கும் பக்கம் சண்டையில்லாமல் ஓடிய பிடிபி4எல்லும் குரோனியும் அனுப்பும் பக்கம் முட்டிக்கொள்ளும். குரோனி முத்திரை கிடைக்காவிட்டால் மென்பொருள் நேரத்துக்கு இறங்கிச் சமாளிக்கும். பிடிபி4எல் அப்படியில்லை. டிஎக்ஸ் முத்திரைக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது, காத்திருப்பைக் கூட்டிப் பாருங்கள், ஆனால் இது பெரும்பாலும் டிரைவர் கோளாறு என்ற பொருளில் ஒரு செய்தி போட்டு, போர்ட்டைப் பழுது நிலைக்குத் தள்ளி, 16 நொடி கழித்துத்தான் மறுபடி எழும். டிஎக்ஸ்_டைம்ஸ்டாம்ப்_டைம்அவுட் பழைய பதிப்புகளில் 1 மில்லிநொடி, பிறகு 10. சுமை உள்ள கணினியில் 50 வைத்தால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதிக்கு, குரோனியை வேறு போர்ட்டுக்கு மாற்றுவதுதான் வழி. லைன் தாமதம் அளக்கும் நிறுவனங்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் சோதனைப் பாக்கெட் அனுப்ப நினைத்தால் ஐ210 சரிப்படாது. புது ஐ225, ஐ226 சிப்புகளில் இப்படிப்பட்ட பதிவகம் நான்கு உண்டு, 2023க்குப் பிந்தைய ஐஜிசி டிரைவர் நான்கையும் பயன்படுத்துகிறது.

கரண்ட் போனால் 37 நொடி

இதுதான் செட்டிநாட்டில் இந்த அட்டையை வைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எந்த விளம்பரத்தாளிலும் இருக்காது.

அட்டைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. டிரைவர் அட்டையை ரீசெட் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினியின் நேரத்தை, அதாவது உலகப் பொது நேரமான யுடிசியை, எடுத்து அதில் வைத்துவிடும். பிடிபி ஓடுவதோ டிஏஐ என்ற அணுநேரத்தில். 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் 37 நொடி வித்தியாசம். ஆகவே ரீசெட் என்றால் கடிகாரம் 37 நொடி பின்னால் குதிக்கும்.

ரீசெட் எப்போது நடக்கும்? எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மாற்றினால் நடக்கும். பாக்கெட்டுகள் காத்திருக்கும் வளையத்தின் அளவை மாற்றினால் நடக்கும். லைன் அறுந்த நேரத்தில் அனுப்ப வேண்டிய பாக்கெட் வரிசையில் தேங்கி நின்றாலும் நடக்கும். கடைசியில் சொன்னதுதான் நம் ஊரில் அடிக்கடி வரும். கணினி யுபிஎஸ்ஸில் இருக்கும், சுவிட்ச் நேரே சுவரில் செருகியிருக்கும். மழைக்காலத்தில் ஒரு நொடி கரண்ட் கண்ணடித்தால் சுவிட்ச் அணைந்து எழும், லைன் போய் வரும், நொடிக்கொரு பாக்கெட் அனுப்பிக்கொண்டிருந்த பிடிபி4எல்லின் பாக்கெட் தேங்கியிருக்கும், அட்டை ரீசெட் ஆகும்.

அதன் பிறகு நடப்பது இன்னும் மோசம். பிடிபி4எல்லின் ஸ்டெப்_த்ரெஷோல்டு இயல்பாக 0. அதாவது தொடக்கத்தில் ஒரு முறை மட்டுமே நேரத்தைத் தூக்கி வைக்கும். பிறகு எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் கடிகாரத்தை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டியே சரிசெய்யும். ஐ210 தாங்கும் அதிகபட்ச மாற்றம் 6.25 சதவீதம். 37 நொடியை அந்த வேகத்தில் எட்டிப் பிடிக்க ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். அந்த 10 நிமிடமும் முத்திரைகள் நானோநொடி இலக்கங்களோடு அழகாக வந்துகொண்டேயிருக்கும், ஒன்றும் உண்மையில்லை. அமைப்புக் கோப்பில் ஸ்டெப்_த்ரெஷோல்டை 0.00002 என்று வைத்தால் ஒரே தாவலில் சரியாகிவிடும். அதோடு சுவிட்சையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டில் மலிவானது இரண்டாவது, அதைத்தான் யாரும் செய்வதில்லை.

அதே 37 இன்னொரு வேடத்திலும் வரும். அட்டையின் நேரத்தைக் கணினிக்குக் கொண்டுபோகும் பிஎச்சி2சிஸ் நிரலை டபிள்யு விருப்பமில்லாமல் ஓட்டினால், வித்தியாசம் எவ்வளவு என்று பிடிபி4எல்லிடம் கேட்காது. கணினி நேரம் 37 நொடி முன்னால் போய் நிற்கும். பதிவேட்டில் 37 என்ற எண்ணைக் கண்டால் அட்டையைச் சந்தேகப்படாதீர்கள், அமைப்பைப் பாருங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டையில் இருப்பது சாதாரணப் படிகம், வெப்ப ஈடு செய்யப்பட்டதில்லை. அதன் வேகம் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நகர்ந்தால் நொடிக்கு 1 மைக்ரோநொடி விலகும். சித்திரை மாத மதியத்தில் அறையில் ஏசி போட்டதும் பிடிபி4எல் காட்டும் ஃபிரீக் (வேகத் திருத்தம்) எண் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடிகாரத்தைத் திருத்தும் சர்வோ துரத்திப் பிடித்துவிடும், ஆனால் ஒத்திசைவு அறுந்துபோன நேரத்தில் இந்தப் படிகத்தை நம்பி ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. ஏசி காற்று நேராக அடிக்காத இடத்தில் கேபினெட்டை வைப்பது செலவில்லாத திருத்தம்.

ஜிபிஎஸ் துடிப்பை ஊட்டுவது

ஐ210இல் எஸ்டிபி என்ற நான்கு பின்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் ஜிபிஎஸ் தொகுதியின் நொடித்துடிப்பைக் கொடுத்து, டிஎஸ்2பிஎச்சி நிரலால் அட்டைக் கடிகாரத்தைப் பூட்டலாம். விலையுயர்ந்த நேர சர்வர் செய்யும் வேலையின் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். இந்த விலையில் இதற்கு நிகராக அதிகம் இல்லை. பின்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் துடிப்பு தரும் தொகுதியை நேராக இணைத்தால் சிப் போய்விடும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: ஐ210 துடிப்பின் ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டுக்கும் நேரம் குறிக்கும். ஒன்றை மட்டும் கேட்டால் 5.4க்குப் பிந்தைய கெர்னல்களில் டிரைவர் மறுத்துவிடும். அதனால் டிஎஸ்2பிஎச்சி அமைப்பில் எக்ஸ்ட்டிஎஸ்_போலாரிட்டியை 'போத்' ஆக்கி, பல்ஸ்விட்த்தில் துடிப்பின் நீளத்தை நானோநொடியில் தர வேண்டும். அதை வைத்து வேண்டாத விளிம்பை நிரல் தள்ளிவிடும். இயல்பு மதிப்பு 500000000, அதாவது அரை நொடி. யு-பிளாக்ஸ் நிறுவனத்தின் ஜிபிஎஸ் தொகுதிகளின் வழக்கமான துடிப்பு 100 மில்லிநொடி. அங்கே 100000000 போடாவிட்டால் நேரம் தப்பாகும், அல்லது பூட்டவே பூட்டாது.

ஆன்டெனாவை எங்கே வைப்பது? வளவு திறந்த வானம்தானே என்று முற்றத்துத் தூணில் கட்டுவது எளிது, ஆனால் நான்கு பக்கமும் உயர்ந்த சுவரும் சரிந்த ஓட்டுக் கூரையும் தாழ்வான செயற்கைக்கோள்களை மறைக்கும்; சுவரில் பட்டுத் திரும்பும் அலை வேறு நேரத்தைக் குழப்பும். கூரைக்கு மேலே மாடி விளிம்பில் வைப்பதே சரி. முற்றத்தைத் தவிர வேறு வழியில்லை என்றால் நேரத்துக்கென்றே செய்த என்இஓ-எம்8டி போன்ற தொகுதியை வாங்கி, இடத்தை நிலையாகப் பதித்துவிடுங்கள். அப்போது ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலே நேரம் வரும்.

தெருவிலிருந்து தெரு வரை நீளும் வீட்டில் கேபிள் நீளம் பெரிய விஷயம். ஓரச்சு கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோநொடி. 30 மீட்டர் என்றால் 150. எக்ஸ்ட்டிஎஸ்_கரெக்ஷனில் மைனஸ் 150 என்று கொடுத்துவிடலாம். தாமதத்தைக் கணக்கில் கழிக்கலாம், இழப்பைக் கழிக்க முடியாது. ஆன்டெனாவோடு வரும் மெல்லிய ஆர்ஜி-174 ஜிபிஎஸ் அலைவரிசையில் மீட்டருக்கு 1 டெசிபலுக்கு மேல் தின்னும். 5 மீட்டருக்கு மேல் போனால் தடித்த கேபிளுக்கு மாறுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வாயு நிரப்பிய மின்னல் தடுப்பானும் நல்ல எர்த்தும் கட்டாயம். கூரையிலிருந்து வரும் செம்பு நேரே அட்டைக்குப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

கெர்னல் எந்தப் பதிப்பு

அட்டையை ரவுட்டரிலோ பிரிட்ஜிலோ வைக்கிறவர்களுக்குப் பதிப்பு முக்கியம். எஸ்கேபியின் டிஸ்டாம்ப் புலத்துக்கு இரண்டு வேலை. வரும் பாக்கெட்டில் அது வந்த நேரம், நிஜநேரக் கடிகாரத்தில். போகும் பாக்கெட்டில் அது எப்போது புறப்பட வேண்டும் என்ற நேரம், மோனோடானிக் கடிகாரத்தில். முதலாவது 1970இலிருந்து எண்ணுவது, இரண்டாவது கணினி எழுந்ததிலிருந்து எண்ணுவது. ஒரு பக்கம் வந்த பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பும்போது புலத்தைத் துடைக்காவிட்டால், எஃப்க்யூ என்ற அனுப்பும் வரிசை அதைப் படித்துவிட்டு, இந்தப் பாக்கெட் இன்னும் பல பத்தாண்டுகள் கழித்துப் போக வேண்டியது என்று முடிவு செய்து அனுப்பாமல் வைத்துக்கொள்ளும். 4.20 காலத்தில் இது நிஜமாகவே நடந்தது. 2018 இறுதியிலும் 2019 தொடக்கத்திலும் அனுப்பும் வழிகளில் புலத்தைத் துடைக்கும் திருத்தங்கள் வந்தன. 5.18இல் எந்த வகை நேரம் என்று சொல்ல ஒரு பிட் சேர்ந்தது. பின்னர் அது வகையைக் குறிக்கும் புலமாகவே வளர்ந்தது. டெபியன் 12இன் 6.1, உபுண்டு 24.04இன் 6.8 இரண்டும் போதும். யாரோ கொடுத்த பழைய ரவுட்டர் படிமத்தில் இந்த அட்டையைப் போட வேண்டாம்.

நடுவில் சாதாரண சுவிட்ச் இருந்தால் அட்டையின் 8 நானோநொடிப் பெருமை அங்கேயே முடியும். 1500 பைட் பாக்கெட் ஒன்று முன்னால் நின்றால் 1 ஜிகாபிட்டில் 12 மைக்ரோநொடி காத்திருப்பு. ஆய்வகத்தில் இரண்டு ஐ210ஐ நேர் கேபிளில் இணைத்தால் வித்தியாசம் பத்துக்கணக்கான நானோநொடிக்குள் அடங்கும். சுவிட்ச் வேண்டுமென்றால் பிடிபி தாங்கும் சுவிட்ச் வாங்க வேண்டும். எத்டூலில் ஈஈஈ மின்சேமிப்பை இரு முனையிலும் அணைத்துவிடுங்கள். லைன் தூங்கி எழும் நேரமும் தாமதத்தில் சேரும், அதுவும் இரு திசையிலும் சமமாக இல்லாமல்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தாலும் ஆன்லைனில் வாங்கினாலும், இந்தச் சிப்பில் வேறு ஆட்கள் செய்த அட்டைகள் ஏராளம். அவை எல்லாம் மோசமில்லை, ஆனால் சிலவற்றில் எஸ்டிபி பின்களுக்கான செருகுமுனையே இருக்காது. ஜிபிஎஸ் திட்டம் இருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையில் 8086:1533 வர வேண்டும். 1539 என்றால் ஐ211, வரிசை இரண்டே உள்ள சின்ன சிப். 1531 என்றால் நினைவகத்தில் ஒன்றும் எழுதாமலே விற்ற சிப். ஐஜிபி டிரைவர் அதைத் தொடாது, உடனே திருப்பிக் கொடுங்கள்.

பிசிஐ ஸ்லாட் இல்லாதவர்களுக்கு ராஸ்பெர்ரி பை 5 அல்லது சிஎம்4 (அதே நிறுவனத்தின் கம்ப்யூட் மாட்யூல் 4) போதும், இரண்டிலும் வன்பொருள் முத்திரை உண்டு. பை 4இல் கிடையாது. கடைக்காரர் இருக்கிறது என்று சொன்னால் எத்டூலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.